மில் முக்குப் பலகையின் நிழல்

பழைய மில் முக்கில் ‘விர்’ கம்பெனியின் விளம்பரப் பலகை ஏற்றப்பட்ட பதினோராம் நாள், மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு, அதன் நிழல் மெல்ல நகர்ந்து பக்ருதீன் பாயின் டீக்கடை பெஞ்சில் வந்து விழுந்தபோது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த சகாயமேரியின் கைப்பேசி அவளுடைய அந்த வாரச் சம்பாத்தியம் பதினோராயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் என்று காட்டியது. அவள் எழுந்து இரண்டடி தள்ளி வெயிலில் நின்று பார்த்தாள், மூவாயிரத்து எண்ணூறு. திரும்பி வந்து உட்கார்ந்தாள்; பதினோராயிரத்து இருநூற்றைம்பது. இப்படி நான்கு தடவை அவள் எழுவதும் உட்காருவதுமாக இருந்ததைக் கல்லாவிலிருந்து பார்த்த பாய், இடுப்பு வலியா என்று விசாரித்தார்.

பலகையின் அளவுகளைச் சொல்லிவிடுவது நல்லது. நாற்பதடி நீளம், இருபதடி உயரம், மூடிக்கிடந்த டயர் கடையின் மொட்டை மாடியில் இரும்புக் கால்களின் மேல் மேற்குப் பார்த்து நின்றது. இடது பக்கத்தில் கிளிப்பச்சைச் சட்டை போட்ட ஓர் இளைஞன், எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சிரித்தபடி வண்டியில் சாய்ந்திருந்தான். வலது பக்கத்தில் ஐந்து வரிகள் இருந்தன. மாதம் நாற்பத்தைந்தாயிரம் சம்பாதியுங்கள். வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. பத்து லட்சம் விபத்துக் காப்பீடு. குடும்பத்துக்கும் மருத்துவ வசதி. உங்களுக்கு நீங்களே முதலாளி. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ‘விர்’ வண்டிக்காரர்கள், சகாயமேரியையும் சேர்த்து ஒன்பது பேர், ஆர்டர் வரும்வரை அந்த முக்கில்தான் காத்துக்கிடப்பார்கள். பலகை வந்த அன்றைக்கு அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பஜ்ஜி சாப்பிட்டார்கள். பலகைகளைப் பற்றி அவர்களுக்கு அதற்குமேல் அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை.

நிழலைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் வேண்டியிருந்தது. எந்த அடுக்குமாடியில் எந்தக் காவலாளி எத்தனை மணிக்குத் தூங்குவார், எந்த நாய் சாப்பாட்டுப் பைக்கு வாலாட்டும், எந்த நாய் ஆளுக்கு வாலாட்டும் என்பதையெல்லாம் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிற தொழில் அவர்களுடையது என்பதால், ஒரே வாரத்தில் நிழலின் சட்டதிட்டங்களையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பலகையில் எழுதியிருந்ததெல்லாம் பலகையின் நிழலுக்குள் உண்மை. காலை நிழலில் ஒன்றும் கிடையாது. காலையில் சூரியன் பலகையின் முதுகுப்புறத் தகரத்தைத்தான் பார்க்கிறது, மத்தியானத்துக்கு மேல்தான் முகத்துக்கு வந்து எழுத்தைப் படித்துவிட்டுக் கீழே விழுகிறது. நிழல் கொண்டுவந்து காட்டுகிற காசு நிழலோடு போய்விடும். ஆனால் நிழலுக்குள் மனுஷன் தன் கையால் செய்தது நிலைக்கும்: அங்கே சிரைத்த தாடி வெயிலுக்கு வந்தாலும் சிரைத்ததாகவே இருந்தது, அங்கே கொடுத்த வாக்கு கொடுத்ததாகவே இருந்தது.

காசு விஷயத்தைப் பாய்தான் முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டார். பன்னிரண்டு டீ, எட்டு பஜ்ஜி, இரண்டு பன் ஆகியவற்றுக்கான தொகை வந்துவிட்டதாக வாயார அறிவித்த கல்லாவில் கைப்பேசிப் பணத்துக்குக் குரல் கொடுக்கும் அவருடைய பெட்டி, மூன்றரை மணிக்கு நிழல் பெஞ்சைவிட்டு இறங்கியதும் அதே உற்சாகத்தோடு அந்தத் தொகை வரவில்லை என்று அறிவித்தது. மறுநாள் ஒரு சிலேட்டை வாங்கி, ‘நிழல் காசு வாங்கப்பட மாட்டாது’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் கடை முகப்பில் மாட்டினார். வேறு எந்த விசாரணையும் அவர் நடத்தவில்லை. நிழல் எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்ட ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு, டீயில் சர்க்கரை போடலாமா என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வரியிலிருந்த விடுமுறைதான் முக்கில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. பெஞ்சில் நிழல் விழுகிற அந்த முக்கால் மணி நேரமும், புதனானாலும் வெள்ளியானாலும், அங்கே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்ததும் தோள் இரண்டும் தானாக இறங்கும், செருப்பைக் கழற்றத் தோன்றும், தூரத்தில் எங்கோ குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதுபோல இருக்கும். வண்டிக்காரர்களுக்கு மட்டும் என்றுதான் பலகையில் இருந்தாலும் நிழல் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. பின்தெருப் பெண்கள் சமையல்கட்டில் நிற்க வேண்டியிராத ஒரு ஞாயிறு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டமாக வந்தார்கள். சிக்னலில் நிற்கிற போக்குவரத்துக் காவலர், வேலையில் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் ஞாயிறு என்பதை அந்தப் பெஞ்சில்தான் முதல்முதலாகப் பார்த்தார். ஞாயிறு வந்தால் கறி வேண்டும் என்பது இந்தப் பக்கத்து நாக்கின் பழக்கமாதலால், பாய் வாரம் ஏழு நாளும் மத்தியானத்தில் பிரியாணி போட ஆரம்பித்தார். அதை வெயிலில் நின்று காசு கொடுத்து வாங்கி, நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது முக்கின் வழக்கமாயிற்று.

ஐந்தாவது வரியில் ஒரு சிக்கல் இருந்தது. நிழலுக்குள் வந்ததும் ஒன்பது பேரும் முதலாளி ஆகிவிடுவார்கள். ஆனதும் யாரும் எழுந்துபோய் டீ வாங்கிவர மாட்டார்கள். ஒன்பது முதலாளிகள் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பதை மூன்று நாள் பார்த்த சகாயமேரி, தினம் ஒருவர் வெயிலிலேயே நின்று டீ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று முறை வைத்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மில் ஓடிய காலத்தில் அங்கே ஷிப்ட் போட்டுக் கொடுத்துப் பழகியவள். முக்கில் எல்லோருக்கும் அவள் மேரியக்கா.

அதே நிழலில் ஒரு கல்யாணமும் நிச்சயமானது. குனியமுத்தூரிலிருந்து வருகிற ஒரு வண்டிக்காரனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தபோது, அவன் நல்ல யோசனையாக அவர்களை மூன்று மணிக்கு அந்தப் பெஞ்சுக்கு வரச்சொன்னான். என்ன சம்பளம் என்று பெண்ணின் மாமா கேட்டார். நாற்பத்தைந்தாயிரம் என்று மனச்சாட்சி உறுத்தாமல் சொன்னான், ஏனென்றால் அந்த இடத்தில் அது பொய்யில்லை. மருந்துக்கடையில் கணக்குப் பார்க்கிற அந்தப் பெண் தன்னுடைய நாற்காலியைத் தூக்கி வெயிலில் போட்டுக்கொண்டு, நீங்களும் இங்க வந்து ஒருக்கா சொல்லுங்க என்றாள். அவன் வந்தான். பெட்ரோல் போகப் பதினேழு, மழை மாதத்தில் இருபது என்றான். இது குறைச்சல்தான், ஆனா ராத்திரியும் இருக்கும் என்று அவள் மாமாவிடம் சொன்னதும், பாய் எல்லோருக்கும் ஒரு ரவுண்டு டீ சொன்னார்.

இப்படியாக எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோதுதான் வெள்ளிங்கிரி விழுந்தான்.

ஒன்பது பேரில் அவன்தான் அதிகம் பேசாதவன். வாடிக்கையாளரிடம் சொல்கிற, “ஓடிபி சொல்லுங்க சார், தேங்க்ஸ் சார், அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க சார்” என்ற வாக்கியம்தான் ஒரு நாளில் அவன் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி. அது மழை நாள். ஒரு வீட்டில் நெய்ரோஸ்ட்டைக் கொடுத்துவிட்டு முக்குக்குத் திரும்பும் வழியில், மேம்பாலத்துக்கு அடியில் எண்ணெய் சிந்திக் கிடந்த இடத்தில் வண்டி சறுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக விலகியது. எலும்பு ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, பதினான்கு நாளுக்குள் தகடு வைத்து ஆணி அடித்துவிட வேண்டும், விட்டால் கோணலாகக் கூடிவிடும், பிரேக் மிதிக்கிற கால் அல்லவா என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை இருபத்தைந்து நாள் என்று சொன்னார்கள்.

அவன் மனைவி தங்கமணி ‘விர்’ கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். மிக மரியாதையான ஒரு குரல், சாப்பாட்டை எடுத்த நிமிஷத்திலிருந்து கொடுத்த நிமிஷம் வரைக்கும்தான் காப்பீடு, உங்கள் கணவர் கொடுத்து முடித்துவிட்டுக் காலிப் பையோடு வரும்போது விழுந்திருக்கிறார், காலிப் பையோடு போவது வேலையில் சேராது என்று விளக்கியது. பிறகு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்றது. தீரவில்லையே என்றாள் தங்கமணி. தீர்க்கப்பட்டதாக மூடிய புகாரை மறுபடி திறக்க எங்கள் முறையில் வழியில்லை, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டது குரல். மூன்று தடவை செய்தாள்; மூன்று தடவையும் இதேதான், வேறு வேறு குரலில்.

முதலில் வெள்ளிங்கிரியை ஆட்டோவில் கொண்டுவந்து நிழலில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவன் கைப்பேசியில் காப்பீட்டுக்கு எதிரே பச்சை எழுத்தில் ‘தகுதி உண்டு’ என்று வந்தது. அதை ஆஸ்பத்திரிக்குச் சொன்னால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வெயிலில் இருந்த ஆஸ்பத்திரியின் கணினியில் சிவப்பாக இருந்தது. பார்க்கிறவன் நிழலில் இருந்து பயனில்லை, அமுக்குகிறவன் நிழலில் இருக்க வேண்டும் என்று மேரியக்கா தீர்மானமாகச் சொன்னாள். அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்து, அவர் கையாலேயே அமுக்க வைத்துவிட்டால், அது தாடி சிரைத்த மாதிரி. அப்புறம் முளைக்கத்தான் முடியும், ஒட்ட முடியாது.

அந்த அதிகாரி தானாகவே வருவதாக இருந்தது. வெள்ளிங்கிரி விழுந்த பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, கம்பெனியின் ‘கூட்டாளர் தினம்’. கம்பெனி தன் வண்டிக்காரர்களை வேலையாட்கள் என்று சொல்வதில்லை, கூட்டாளர்கள் என்றுதான் சொல்லும்; அந்தக் கூட்டாளர்களின் மகிழ்ச்சிக்கென்றே நிரஞ்சன் என்று ஓர் அதிகாரியை வைத்திருந்தது, அவருடைய பதவியின் பெயரே கூட்டாளர் மகிழ்ச்சி அலுவலர். அவர் இரண்டரை மணிக்கு வந்து பலகைக்கு முன்னால் எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் கேக்கும் கொடுப்பதாக ஏற்பாடு.

அன்றைக்குக் காலையிலேயே மேரியக்கா தரையில் கோடு போட்டுவிட்டாள். மூன்றரை வரைக்கும் நிழல் டீக்கடையில். அங்கிருந்து நாலு மணி வரைக்கும் வண்டிகள் நிறுத்தும் மண் திட்டில். நாலிலிருந்து நாலரை வரைக்கும் மெயின் ரோட்டில். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சுவரில் ஏறிவிடும், சுவரில் நாற்காலி போட முடியாது. இரண்டரைக்கு வந்தால் டீக்கடையிலேயே காரியம் முடிந்துவிடும் என்றாள்.

நிரஞ்சன் மூன்றே முக்காலுக்கு வந்தார். அப்புறம் படம் எடுத்தார்கள். முகத்தில் வெயிலடித்ததால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேலே இருப்பவன் ஒருவன் மட்டும் விரியச் சிரித்துக்கொண்டு, படம் வந்தது. பிறகு கேக் வெட்டினார்கள். பிறகு தங்கமணி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த வெள்ளிங்கிரியைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். நிரஞ்சன் மோசமான மனிதரில்லை. உடனே மடிக்கணினியைத் திறந்து, வெயிலில் நின்றபடியே பார்த்து, வருத்தத்தோடு தலையாட்டினார்.

“சிஸ்டம்ல ‘தகுதி இல்லை’ன்னு இருக்குங்க. நான் என்ன பண்றது?”

“உங்களுக்கு மூஞ்சில வெயில் அடிக்குது சார்” என்றாள் மேரியக்கா. “இப்படி நிழல்ல வந்து உக்காந்து பாருங்களே.”

மண் திட்டில் நிழலின் நடுவே நாற்காலி தயாராக இருந்தது. உட்கார்ந்து மறுபடி பார்த்தார்.

“இருக்கே! பச்சையில இருக்கு. இதுக்குப் போயா பதிமூணு நாள் கவலைப்பட்டீங்க?”

மற்ற எட்டு வண்டிக்காரர்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிழலுக்குள் முதல்முறை உட்கார்ந்த யாரானாலும், பேராசிரியரோ காவலரோ, ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், மூச்சை ஒருமுறை இழுத்துவிடுவார்கள். நிரஞ்சன் எதுவும் செய்யவில்லை. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தரையிலும் இருக்கிறது என்பது அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. அவர் தினமும் காலையில் எழுந்து, பல் துலக்கி, கார் ஏறி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பார்க்கும் உலகம் அப்படித்தான் இருந்தது. பிறந்த ஊருக்குள் நுழைந்தவர் மாதிரி அவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷமே வடிந்துபோயிற்று என்று பாய் பிற்பாடு சொன்னார். மீதிப் பாதியைக் கேக் பார்த்துக்கொண்டது.

ஆனால் அங்கீகாரம் கொடுப்பது ஒரு பொத்தானில் முடிகிற காரியமில்லை. ஐந்து பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. எலும்புப் படத்தை ஏற்ற வேண்டும், ஏறினால் அளவு அதிகம் என்றது, சுருக்கினால் தெளிவில்லை என்றது. நிழலோ அந்தப் பருவத்தில் நிமிஷத்துக்கு அரைச் சாண் வீதம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் மேரியக்கா குனிந்து பார்த்து, “சார், காலுக்கு வெயில் வந்துருச்சுங்க” என்பாள். ஒருவன் நிரஞ்சனின் நாற்காலியைப் பிடிப்பான், ஒருவன் வெள்ளிங்கிரியின் நாற்காலியைப் பிடிப்பான், இரண்டும் இரண்டு சாண் நகரும். நாலு மணிக்குத் திட்டு முடிந்து தார் ரோடு வந்துவிட்டது. நிரஞ்சன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உங்க ஊர்ல ரொம்ப நல்லா கவனிச்சுக்கிறீங்க என்று சொல்லிக்கொண்டு ரோட்டில் போய் உட்கார்ந்தார்.

எட்டு வண்டிக்காரர்களும் தங்கள் முதுகிலிருந்த கிளிப்பச்சைப் பைகளைக் கழற்றி ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்து, அவற்றின் பின்னால் கையை விரித்து நின்றார்கள். முதலில் வந்த ஆட்டோ நின்றது, அதன் பின்னால் இரண்டு கார், அதன் பின்னால் ஒண்டிப்புதூர் டவுன் பஸ். போக்குவரத்துக் காவலர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன் ஒன்பது வருஷத்தின் முதல் ஞாயிறை நினைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிச் சிக்னல் கம்பத்தில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னவென்று விசாரித்தார்கள். நிழல் வேலை நடக்கிறது என்று யாரோ சொன்னதும், ஓகோ என்று ஜன்னலில் சாய்ந்துகொண்டார்கள்.

நாலு இருபத்தைந்துக்கு ஐந்தாம் பக்கம் வந்தது. கூட்டாளரின் கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பப்பட்டிருக்கிறது, அதைக் கேட்டு இங்கே பதியவும் என்றது திரை.

“ஓடிபி சொல்லுங்க” என்றார் நிரஞ்சன்.

ஆயிரம் வாசலில், பத்தாயிரம் வாசலில் தாங்கள் கேட்டுக் கேட்டு வாய் தேய்ந்த வாக்கியத்தை அந்தப் பக்கத்திலிருந்து முதல்தடவை கேட்ட எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிங்கிரிக்கு எண் இன்னும் வரவில்லை. கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். தங்கமணி அதை வாங்கி இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள். ஒரு நிமிஷம் போயிற்று, அரைச் சாண் போயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சாயங்கால ஆர்டர்கள் திறந்துகொண்டன. நிழலுக்குள் கைப்பேசி கூவாது, அங்கே அவரவர் முதலாளி. ஆனால் எட்டுப் பேரும் வண்டிகளை மறித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள், அவர்களுடைய எட்டுக் கைப்பேசியும் ஒரே குரலில் கூவின. அந்தக் கூவலுக்கு முப்பது விநாடி ஆயுள். அதற்குள் ஏற்காவிட்டால் வேறொருவனுக்குப் போய்விடும். அதனால் வருஷக்கணக்கில் பழகிப் பழகி அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கட்டைவிரலுக்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துபோயிருக்கும். எட்டுக் கட்டைவிரல்களும் ஏற்றுக்கொண்டன. ஏற்றபின் கால் பதினாறும் ஓடின, கிக்கர் எட்டும் உதைபட்டன, போண்டாவுக்கும் காபிக்கும் கட்லெட்டுக்குமாக எட்டு வண்டியும் எட்டுத் திசையில் பறந்தன. அந்த எட்டில் மேரியக்காவும் ஒருத்தி என்பதை அவள் இன்றுவரை மறுக்கவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாய் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். ரோட்டின் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு மடிக்கணினி, ஒரு மாவுக்கட்டு, எதிரே உறுமிக்கொண்டு ஓர் ஆட்டோ, இரண்டு கார், ஒரு பஸ். தடுக்க ஆளில்லை.

ஆட்டோ நகரவில்லை. ஏனென்றால், அவசரத்தில் எட்டுப் பேரும் பையை எடுக்காமல் போயிருந்தார்கள். ரோட்டுக்குக் குறுக்கே எட்டுக் கிளிப்பச்சைப் பைகளும் வைத்தது வைத்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆட்டோக்காரர் இறங்கி வந்து பார்த்தார், கையை வைக்கப் போனார், எடுத்துக்கொண்டார். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, “யாரோ பசிச்சவங்க சொன்ன சோறுங்க அது, அதும் மேல எப்படிங் ஏத்தறது” என்று கண்டக்டரிடம் சொன்னார். அது பஸ்ஸுக்குள் கடைசி சீட்டு வரைக்கும் போய், அங்கிருந்து யாரோ, ஆமாமா, ஏத்த வேண்டாம் என்றார்கள். எட்டுப் பையும் காலி. கம்பெனியின் விதிப்படி காலிப் பை வேலையில் சேராது. அன்றைக்கு நாலு இருபத்தாறிலிருந்து நாலு இருபத்தெட்டு வரைக்கும் மெயின் ரோட்டில் நடந்த அத்தனை வேலையையும் அந்தக் காலிப் பைகள்தான் செய்தன.

இரண்டாவது நிமிஷத்தின் முடிவில் தங்கமணியின் உயர்த்திய கையில் கைப்பேசி நடுங்கியது. அவள் எண்ணைப் பார்த்து, தன் புருஷன் முகத்துக்கு நேரே காட்டி, “நீயே சொல்லு” என்றாள்.

வெள்ளிங்கிரி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். நிரஞ்சன் ஒவ்வோர் எண்ணாக அடித்தார். நிழலின் ஓரம் அவர் செருப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, மடிக்கணினியின் விளிம்பில் ஏறியபோது கடைசிப் பொத்தானை அமுக்கினார். அங்கீகரிக்கப்பட்டது, புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது என்று திரை சொன்னது. வெள்ளிங்கிரியும் பழக்கத்தில் சொல்லிவிட்டான்.

“தேங்க்ஸ் சார். அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க சார்.”

பஸ்ஸிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

வெயிலில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன் திரையை மறுபடி பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இப்போது தகுதி இல்லை என்று காட்டுகிறதே, ஏதோ தவறுதலாக அங்கீகரித்துவிட்டேன்போல, மறுபடி திறந்து சரிபார்க்க வேண்டும் என்று தேடினார். திறப்பதற்குப் பொத்தான் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்து, தாம் யார் என்பதையும் சொல்லிக் கேட்டார். மிக மரியாதையான ஒரு குரல், தீர்க்கப்பட்டதாக மூடிய புகாரை மறுபடி திறக்க எங்கள் முறையில் வழியில்லை, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டது.

“எனக்கும் மூணு தடவ அதையேதானுங் சார் சொன்னாங்க” என்றாள் தங்கமணி, கொஞ்சமும் குத்தலில்லாமல். “விடுங்க. டீ குடிக்கறீங்களா?”

அவர் குடித்தார். காசு வெயிலில் நின்று கொடுத்தார். அதற்குள் எட்டு வண்டியும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பை இல்லாமல் எந்த ஓட்டலிலும் சாப்பாட்டைக் கையில் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். எந்தப் பை யாருடையது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு இருந்தது.

மறுநாள், பதினான்காம் நாள், வெள்ளிங்கிரியின் காலில் தகடு வைத்து ஆறு ஆணி அடித்தார்கள். மூன்று மாதத்தில் வண்டியை உதைத்தான்.

பலகை அதற்கு முன்பே போய்விட்டது. கம்பெனி வேறொன்று மாட்டியது. அதே பையன், அதே சிரிப்பு, அதே ஐந்து வரி, ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சின்ன நட்சத்திரம், பலகையின் அடியில் எறும்பு ஊர்வதுபோல நிபந்தனைகள். முக்கில் எல்லோரும் நிழலுக்காகக் காத்திருந்து கைப்பேசியை நீட்டிப் பார்த்தார்கள். பதினோராயிரத்து இருநூற்றைம்பதும் வரவில்லை, மூவாயிரத்து எண்ணூறும் வரவில்லை. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஞாயிறும் போயிற்று. ஆனால் நாக்கு பழகிவிட்டதால் பிரியாணி புதன் ஒரு நாளாவது நிலைத்தது; இப்போது முக்கில் அது புதன்கிழமைப் பிரியாணி என்றே பெயர் பெற்றுவிட்டது. போக்குவரத்துக் காவலர் புதன் மத்தியானங்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துப் போராடி வாங்கியிருக்கிறார்.

பாய்க்குச் சிலேட்டு உபயோகமில்லாமல் போனதால் மேரியக்கா அதைக் கேட்டு வாங்கி, துடைத்து, தன் கையெழுத்தில் எழுதி, வண்டிக்காரர்கள் நிற்கிற இடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டினாள். பெட்ரோல் போகப் பதினேழாயிரம், மழை மாதம் இருபது. பெட்ரோல் நம்முடையது, வண்டி நம்முடையது, முதுகும் நம்முடையது. சாப்பாட்டோடு விழுந்தால் காப்பீடு உண்டு. சாப்பாடில்லாமல் விழுந்தால் எங்களிடம் வரவும், பார்த்துக்கொள்ளலாம். புதன் பிரியாணி நன்றாக இருக்கும். வேலைக்குச் சேர வருகிற புதியவர்கள் மேலே அண்ணாந்து பலகையைப் படிக்கிறார்கள், அப்புறம் கழுத்தை இறக்கிச் சிலேட்டைப் படிக்கிறார்கள், பலர் அதற்குப் பிறகும் சேருகிறார்கள். சிலேட்டுக்கும் மத்தியானத்தில் ஒரு சாண் நிழல் விழும். அதில் கைப்பேசியை வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. வெயிலில் என்ன காட்டியதோ அதேதான் காட்டியது.

போன வாரம் ஒரு புதியவன், வெள்ளிங்கிரியின் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பலகையைக் காட்டிக் கேட்டான்.

“அதுல இருக்கறதுல எதாச்சும் நெசமாங்ணா?”

வெள்ளிங்கிரி கொஞ்சம் யோசித்தான். பிறகு குனிந்து வலது கால்சட்டையை முழங்கால்வரைக்கும் சுருட்டி, தையல் தழும்பின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

“இது ஒண்ணு மட்டும் எறங்கி வந்துச்சு” என்றான். “ஆறு ஆணியோட.”

கைப்பேசி கூவியது. கட்டைவிரல் போய்விட்டது. கால் கிக்கரை உதைத்து, வண்டி பத்தடி போய், நின்று, மெல்லப் பின்னால் உருண்டு வந்தது. புதியவன் சிரிக்காமல், அவன் தரையில் மறந்துவிட்டுப் போன பையை எடுத்து அவனிடம் நீட்டினான்.